மணமுறிவுக்குப் பிறகும் இரண்டு பெயரில் நிற்கும் வீடு

விவாகரத்துத் தீர்ப்பு திருமணத்தை முடித்துவைக்கும். வீட்டுப் பத்திரத்தில் உள்ள இரண்டு பெயர்களில் ஒன்றைக்கூட அது நீக்காது. கணவன் மனைவி என்ற உறவு போன மறுநாளும் பத்திரப்படி இருவரும் கூட்டு உரிமையாளர்கள்தான்; வீட்டை முழுதாக விற்க இருவருமே கையெழுத்துப் போட வேண்டும். பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு பேர் விலை, தரகர், முன்பணம், பதிவு நாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒத்துவர வேண்டியிருப்பதால்தான் இத்தகைய வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன.

தூத்துக்குடியில் இந்தச் சிக்கல் இன்னும் இறுகிவிடக் காரணங்கள் உண்டு. கப்பல் வேலைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போனவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகள் இந்தக் கடற்கரையில் நிறைய. பணம் அனுப்பியவர் ஒருவர், மனை வாங்கிப் பதிந்தவர் இன்னொருவர், கொத்தனாருக்குக் கூலி கொடுத்துக் கட்டுமானத்தைப் பார்த்துக்கொண்டவர் மாமனார் என்று ஒரே வீட்டில் மூன்று கைகள் இருக்கும். மணவாழ்வு நன்றாக இருக்கும்வரை யாருக்கு எவ்வளவு என்று எவரும் எழுதிவைப்பதில்லை. பிரியும்போது எல்லாரிடமும் ஒரு கணக்கு இருக்கும், ரசீது இருக்காது.

சட்டம் முதலில் பார்ப்பது பத்திரத்தைத்தான். திருமணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்து தானாகவே இருவருக்கும் பொது என்ற ஏற்பாடு இந்தியாவில் கோவாவில், போர்த்துகீசிய உரிமையியல் சட்டத்தின் மிச்சமாக, நடைமுறையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், யாழ்ப்பாணத் தமிழருக்காக டச்சு ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டமும் மணவாழ்வில் தேடிய சொத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் சம உரிமை என்ற அடிப்படையில்தான் அமைந்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு விதி இல்லை. இருவர் பெயரிலும் வாங்கிய வீட்டில், 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 45ஆவது பிரிவின்படி, யார் எவ்வளவு பணம் போட்டார்களோ அந்த விகிதத்தில் உரிமை; அதற்குச் சான்று இல்லையென்றால் சமபங்கு என்றே கொள்ளப்படும். ஆகவே வங்கிக் கணக்கு விவரங்களும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய தாள்களும், நகையை அடகு வைத்த சீட்டும் பிற்பாடு பெரிய மதிப்பு பெறுகின்றன.

வீடு மனைவி பெயரில் மட்டும் இருந்து பணம் கணவனுடையதாக இருந்தால் அது பினாமி ஆகாதா என்ற கேள்வி அடிக்கடி வரும். கணக்கில் காட்டிய வருமானத்திலிருந்து மனைவி பெயரில் வாங்குவதை 2016இல் திருத்தப்பட்ட பினாமிச் சட்டம் விலக்கிவைத்திருக்கிறது. ஆனால் பணம் தன்னுடையது என்று நிரூபிக்கும் சுமை கணவன் மேல்தான் விழும். இதற்கு மறுபக்கமும் உண்டு. சவுதி அரேபியாவில் வேலை பார்த்த கணவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்துகள் பற்றிய வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 ஜூனில் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கினார். வீட்டையும் பிள்ளைகளையும் மனைவி பார்த்துக்கொண்டதால்தான் கணவனால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது. அந்த உழைப்பும் சொத்து சேர்ப்பதில் பங்களிப்புதான் என்று கூறி, சொத்துகளில் மனைவிக்குச் சமபங்கை அவர் ஏற்றுக்கொண்டார். அந்த வழக்கு விவாகரத்திலிருந்து எழுந்ததல்ல. தனி நீதிபதியின் தீர்ப்பு என்ற வரம்பும் அதற்கு உண்டு. ஆனாலும் கணவன் கடலில் இருக்கும் பத்து மாதமும் குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிற பெண்கள் நிறைந்த இந்த ஊருக்கு அந்த நியாயம் மிகவும் பொருந்துகிறது. வீட்டு வேலைக்கு வங்கி ரசீது கிடையாது என்பதற்காக அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது அநீதி.

முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்னொரு குழப்பம் நேர்கிறது. மறைமாவட்டத் தீர்ப்பாயம் திருமணம் செல்லாது என்று அறிவித்துவிட்டால் எல்லாம் முடிந்ததாகச் சிலர் நினைக்கிறார்கள். திருச்சபைத் தீர்ப்பாயத்தின் ஆணை நாட்டுச் சட்டப்படியான மணமுறிவுக்கு ஈடாகாது என்று உச்ச நீதிமன்றம் 1996இலும் 2017இலும் தெளிவாகச் சொல்லிவிட்டது. 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் தரும் தீர்ப்பாணையே பத்திர அலுவலகத்திலும் வங்கியிலும் எடுபடும். காயல்பட்டினத்தில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டில் வந்து வாழ்வதே வழக்கம். மணம் முறிந்தால் வீடு யாருடையது என்ற கேள்வி பெரும்பாலும் எழாது. மாடி கட்டியதற்குக் கொடுத்த பணம் என்னவாயிற்று என்பதுதான் எழும்.

சுனாமிக்குப் பிறகு அரசு கட்டிக்கொடுத்த வீடுகளும், பிரதமர் வீட்டுத் திட்ட வீடுகளும், இலவச மனைப்பட்டாவில் எழுந்த வீடுகளும் தனி வகை. இவை பெரும்பாலும் மனைவி பெயரிலோ இருவர் பெயரிலோ தரப்பட்டவை. குறிப்பிட்ட காலம்வரை விற்கக்கூடாது என்ற நிபந்தனை ஒப்படை ஆணையில் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் வாங்கினால், வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் நிலை வரும்.

விற்பது என்று முடிவானால் முதல் வேலை வில்லங்கச் சான்று எடுப்பது. தூத்துக்குடியில் சொத்து எந்தப் பகுதியில் இருக்கிறதோ அதைப் பொறுத்து மேலூர் அல்லது கீழூர் சார்பதிவாளர் அலுவலகத்தின் பதிவேடு பொருந்தும். சான்றில் கிரயப் பத்திரத்துக்கு அடுத்த வரியில் வங்கியின் பெயரோடு உரிமை ஆவண ஒப்படைப்புப் பதிவு ஒன்று இருந்தால், வீட்டுக் கடன் உயிரோடு இருக்கிறது, மூலப் பத்திரம் வங்கியில் இருக்கிறது என்று பொருள். கடன் தீர்ந்தபின் அதற்கான ரசீதும் பதிவாகியிருக்க வேண்டும். கடனை என்றோ கட்டி முடித்துவிட்டு, ரசீதைப் பதியாமலே பிரிந்த தம்பதிகள் உண்டு. வாங்க வருகிறவரின் வக்கீல் அந்த ஒரு வரியில்தான் விரல் வைப்பார்.

கடன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் நிலைமை கடுமையாகும். இருவரும் சேர்ந்து வாங்கிய கடனில் ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. பாதித் தவணையை மட்டும் கட்டிவிட்டு என் பங்கு முடிந்தது என்று வங்கியிடம் சொல்ல முடியாது. ஒருவர் நிறுத்தினால் இருவருடைய கடன் மதிப்பெண்ணும் சரியும். நீதிமன்றத்தில் இருவரும் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. ஒருவர் பெயரைக் கடனிலிருந்து எடுக்க வேண்டுமானால், மீதி இருப்பவரின் வருமானம் மட்டுமே போதும் என்று வங்கி ஒப்புக்கொள்ள வேண்டும். கடன் முழுதும் அடைந்தபின் மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் உத்தரவிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் முதல் அது நடைமுறையில் உள்ளது.

ஒருவரே மற்றவரின் பாகத்தை வாங்கிக்கொள்வது பல நேரங்களில் நல்ல வழி. அதற்கு எழுதுவது விடுதலைப் பத்திரம். இங்கே காலம்தான் செலவைத் தீர்மானிக்கிறது. குடும்ப உறுப்பினர்களுக்குள் விடுதலை எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலையில் வந்த விகிதங்கள் இவை. கணவனும் மனைவியும் அந்தக் குடும்ப வரையறைக்குள் வருவார்கள். முன்னாள் கணவனும் முன்னாள் மனைவியும் வரமாட்டார்கள். குடும்பத்துக்கு வெளியே உள்ள கூட்டு உரிமையாளர்களுக்குள் விடுதலை என்றால் பாகத்தின் சந்தை மதிப்பில் 7 சதவீதத் தீர்வை, 1 சதவீதக் கட்டணம். 60 லட்சம் மதிப்புள்ள வீட்டில் பாதியை விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்குத் தீர்ப்புக்கு முன்பு 40,000 ரூபாய் ஆகும். தீர்ப்புக்குப் பிறகு 2,40,000 ரூபாய். வழக்கின் சொத்து அட்டவணையிலேயே வீட்டைச் சேர்த்துச் சமரசத் தீர்ப்பாணை பெற்றால், பதிவுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அந்தத் தீர்ப்பாணையைக் கட்டாயப் பதிவிலிருந்து விலக்குகிறது. வழக்கில் சேராத வீட்டைச் சமரசத்தில் மட்டும் குறிப்பிட்டால் இந்த விலக்கு கிடைக்காது.

இதனால்தான் பரஸ்பர சம்மத மனுவோடு தாக்கலாகும் ஒப்பந்தத்தில் வீட்டைப் பற்றிய பகுதி மற்ற எல்லாவற்றையும்விட விரிவாக இருக்க வேண்டும். வீட்டை விற்றுச் சமமாகப் பிரித்துக்கொள்வோம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பின்னால் வரும் துன்பம் பெரும்பாலும் அந்த ஒரு வரியிலிருந்துதான் கிளம்புகிறது. எவ்வளவு விலைக்குக் குறையாமல் விற்பது, அந்த விலை வராவிட்டால் எத்தனை மாதம் கழித்து எவ்வளவு குறைப்பது, அதுவரை தவணையும் சொத்து வரியும் யார் கட்டுவது, குடியிருப்பவர் மற்றவருக்கு ஏதாவது தர வேண்டுமா, வீடு பார்க்க வருபவர்களுக்குச் சாவி யாரிடம் இருக்கும் என்று எல்லாம் தேதியோடு எழுதப்பட வேண்டும். பிரிட்டிஷ் காலத்து முத்துக்குளிப்பில் சிப்பியைப் பிளந்து பார்க்கும் முன்பே, கரையிலேயே, அரசுக்கு இரண்டு பங்கு குளித்தவர்களுக்கு ஒரு பங்கு என்று குவியல் பிரித்துவிடுவார்கள். வீட்டிலும் பங்கு முடிவாக வேண்டிய நேரம் விலை தெரிவதற்கு முந்தையதுதான். 2025 ஆகஸ்டில் சிப்காட் தொழிற்பேட்டையில் மின்வாகன ஆலை திறந்தாயிற்று, நிலம் விலை ஏறும், பொறுப்போம் என்று ஒருவர் சொல்வார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்த வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேட்கும் வாங்குபவரின் முகத்தைப் பார்த்து, வந்த விலைக்குக் கொடுத்துவிடலாம் என்று மற்றவர் சொல்வார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். முடிவெடுக்க ஒரு விதி மட்டும் இருக்காது.

ஒப்பந்தம் திட்டவட்டமாக இருந்தால் அதற்குச் சட்டத்தின் பலமும் கிடைக்கும். தீர்ப்பாணைப்படி பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டியவர் மறுத்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆவது கட்டளை, 34ஆவது விதியின்படி நீதிமன்றமே அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம்.

ஒப்பந்தமே இல்லாமல் பிரிந்தவர்களுக்கு மிஞ்சுவது பாகப்பிரிவினை வழக்கு. தம்பதிகளுக்குள் சொத்து வழக்கு 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி குடும்ப நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் வரும். மூன்று சென்டில் கட்டிய வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது என்பதால், 1893ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டத்தின்படி பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர் கேட்டால் நீதிமன்றம் விற்றுப் பணத்தைப் பிரிக்க உத்தரவிடலாம். அப்போது மற்றவர், நீதிமன்றம் மதிப்பிட்ட விலைக்கு அந்தப் பங்கை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்கலாம். முதலில் பங்கைச் சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை, பிறகு வக்கீல் ஆணையர் வந்து அளந்து அறிக்கை தருவது, அதன்பின் இறுதித் தீர்ப்பாணை என்று வழக்கு நீளும். முதல்நிலை முடிந்ததும் தனி மனுவுக்குக் காத்திராமல் இறுதிக் கட்டத்தை விசாரணை நீதிமன்றமே எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் அறிவுறுத்தியது.

பொறுமை இழந்து தன் பாதியை மட்டும் வெளியாருக்கு விற்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் பிரிபடாத பாகத்தை வாங்குபவருக்குக் கிடைப்பது வீட்டுச் சாவி இல்லை, இன்னொரு வழக்குதான்; அதனால் நியாயமான விலைக்கு யாரும் வரமாட்டார்கள். வழக்கு நடக்கும்போது வாங்கினால் அதன் முடிவும் வாங்கியவரைக் கட்டுப்படுத்தும். வீட்டில் மனைவியும் குழந்தைகளும் குடியிருந்தால், 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அந்த வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்று மாஜிஸ்திரேட் தடை விதிக்க முடியும். அந்தத் தடையைத் தொல்லையாக மட்டும் பார்க்கக் கூடாது. போக்கிடம் இல்லாத பெண்ணுக்கு அதுவே கூரை.

கப்பலில் இருப்பவர் கையெழுத்துப் போட ஊருக்கு வர முடியாவிட்டால் பவர் எழுதித் தரலாம். முன்னாள் துணைக்கே பவர் கொடுக்க எவரும் துணியமாட்டார்கள். உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ கொடுப்பதே நடைமுறை. வெளிநாட்டில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்ட பவரை இந்தியா வந்துசேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை செலுத்தி ஏற்கச் செய்ய வேண்டும். கிரயத்தின்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்றையும் சார்பதிவாளர் கேட்பார்.

பதிவு நாளில் பணம் எப்படிக் கைமாறுகிறது என்பதை முன்னரே எழுதிவைத்தால் சண்டை குறையும். வாங்குபவர் வழக்கமாக மூன்று வரைவோலைகள் கொண்டுவர வேண்டும்: கடன் பாக்கிக்கு வங்கியின் பெயரில் ஒன்று, மீதிக்கு இருவர் பெயரிலும் அவரவர் பாகத்துக்குத் தனித்தனியே இரண்டு. மொத்தத் தொகையையும் ஒருவர் கணக்கில் போட்டுவிட்டு மற்றவருக்கு அவர் அனுப்புவார் என்று நம்புவது வேண்டாத ஆபத்து. விலை 50 லட்சம் ரூபாயை எட்டினால், ஒவ்வொருவர் பங்கும் அதற்குக் குறைவாக இருந்தாலும், வாங்குபவர் 1 சதவீத வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர்களில் ஒருவர் வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாசி ஆகிவிட்ட கப்பல்காரர் என்றால் விதி வேறு: குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே வாங்காவிட்டால், அவர் பாகத்தின் முழு விலைக்கும் உயர் விகிதத்தில் வரி பிடிக்கப்படும். விற்பனையில் வந்த ஆதாயத்தை அவரவர் பாகத்துக்கு அவரவரே கணக்கில் காட்ட வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று ஆண்டுக்குள் கட்டினாலோ கிடைக்கும் விலக்கையும் இருவரும் தனித்தனியே கோரலாம்.