வாய்ப்புண் ஆறவே மாட்டேங்குதா? காரணம் தோல் நோயாகவும் இருக்கலாம்... பழவேற்காடு மீனவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

வாயில் புண் வந்தால் 'உடம்பு சூடு' என்போம். கை காலில் அரிப்பு வந்தால், பழவேற்காடு ஏரிக்கரை கிராமங்களில் 'உப்புத்தண்ணி ஒத்துக்கலை' என்பார்கள். உவர்நீரில் நாள் முழுக்க நின்று இறால் பிடிப்பவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் இந்த இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்களாக இருந்தால்?

தோலுக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம்?

கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கு ஆகியவற்றை மூடியிருக்கும் மென்படலம் தோலுக்கு நெருங்கிய சொந்தம். அதனால் சில தோல் நோய்கள் வாய்க்குள்ளும் வரும்.

இதில் ஆபத்தானது 'பெம்பிகஸ் வல்காரிஸ்'. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதத்தை, நம் நோய் எதிர்ப்பு சக்தியே எதிரி என நினைத்துத் தாக்கும். செல்கள் பிரிந்து கொப்புளம் உண்டாகும். வாயில் வரும் கொப்புளம் சீக்கிரமே உடைந்துவிடுவதால் புண் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது முதலில் வாயில்தான் தொடங்குகிறது. உடம்பில் கொப்புளம் வர மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை மணத்தக்காளிக் கீரையிலும் வைட்டமின் மாத்திரையிலுமே காலம் ஓடிவிடும்.

இது தொற்றுநோய் அல்ல. நோயாளிக்குத் தனித்தட்டு வைக்கத் தேவையே இல்லை.

ஸ்டீராய்டு மருந்து வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. 1980களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் ஜே.எஸ்.பஸ்ரிச்சா, மருந்தை இடைவெளி விட்டு அதிக அளவில் செலுத்தும் 'பல்ஸ்' சிகிச்சையை அறிமுகப்படுத்தினார். இன்று ரிடுக்ஸிமாப் ஊசியும் இருக்கிறது. ஆனால் புண் ஆறியதும் மாத்திரையைத் தானாக நிறுத்துவது ரொம்பவே ஆபத்து.

வெள்ளைக் கோடுகள் தெரிகிறதா?

மணிக்கட்டிலும் கணுக்காலிலும் ஊதா நிறத்தில் அரிக்கும் தட்டையான பருக்கள், உள் கன்னத்தில் வலை பின்னியது போல வெள்ளைக் கோடுகள், காரம் பட்டால் எரிச்சல். இது 'லைக்கன் பிளானஸ்' ஆக இருக்கலாம். வாயில் வரும் வகை, சுமார் நூற்றில் ஒருவருக்குப் புற்றுநோயாக மாறக்கூடும். புகையிலை, பாக்குப் பழக்கம் இருந்தால் வாய்ப்புற்று அபாயம் தனியாக வேறு. படகில் வெயில் நேராகவும் தண்ணீரில் பட்டும் முகத்தில் அடிப்பதால், கீழ் உதடு வறண்டு, செதில் உரிந்து ஆறாமல் இருந்தாலும் அலட்சியம் வேண்டாம்.

எங்கே போவது?

முறைப்படி 'பாடு' கிடைக்கும் நாளில் வலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது கஷ்டம்தான். ஒரு நாள் விட்டால் வருமானம் போச்சு. பாடு இல்லாத நாளிலாவது போய்விடுங்கள். 2 வாரம் தாண்டியும் ஆறாத புண் என்றால் தள்ளிப்போடக் கூடாது. பொன்னேரி அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம். மேல் சிகிச்சைக்கு ஸ்டான்லி மருத்துவமனை தோல் பிரிவும், சென்னை கோட்டை ரயில் நிலையம் அருகே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. சிறிய சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதித்தால் எந்த நோய் என்பது தெரிந்துவிடும்.

போகும்போது ஒன்று மறக்காதீங்க: பல் டாக்டரிடம் தோல் அரிப்பையும், தோல் டாக்டரிடம் வாய்ப்புண்ணையும் சேர்த்தே சொல்லுங்க.