சொல்லின்றி ஒரு கதை

கதை சொல்வதற்குச் சொல் வேண்டுமா? பொத்துவிலில் பக்கீர் பாவாமார் றபான் தட்டிக் கிஸ்ஸாப் பாடக் கேட்டு வளர்ந்தவன் நான். அங்கே கதை முழுவதும் சொல்லிலேயே இருந்தது. றபான் அதற்குத் துணை நின்றது, அவ்வளவே. ஆதலால், கிளாரினெட் என்னும் மேனாட்டுக் குழலைக் கொண்டே கதை சொல்ல முனையும் ஒருவருடைய இசையைச் சற்று ஐயத்தோடுதான் கேட்கத் தொடங்கினேன்.

அவர் கினான் அஸ்மே. 1976இல் டமஸ்கஸில் பிறந்து, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் கற்றவர். 1997இல் மொஸ்கோவில் நடைபெற்ற நிக்கலாய் ரூபின்ஸ்டைன் போட்டியில் முதற்பரிசு பெற்ற முதல் அரபியர் அவரே. பின்னர் நியூயோர்க் நகரின் ஜூலியார்ட் இசைக்கல்லூரியில் பயின்றார். பிறர் ஆக்கியவற்றை வாசித்தே புகழோடு வாழ்ந்திருக்கலாம். அவரோ தாமே இசை ஆக்கத் தலைப்பட்டார்.

2011 மார்ச்சில் சிரியாவில் கிளர்ச்சி மூண்டது. அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு அவரால் ஒரு சுரமும் எழுத இயலவில்லை. கலைஞனின் மௌனத்தைக் கோழைத்தனம் என்று சொல்வது எளிது. யுத்தத்தின் நடுவே பேனா பிடித்த நம் கிழக்கு மாகாணத்தார் அவ்வாறு சொல்லத் தயங்குவர். மௌனம் கலைந்து பிறந்த ஆக்கத்துக்கு அவர் இட்ட பெயர், 'துயரக் காலை, ஒவ்வொரு காலையும்'.

கெவோர்க் மூராத் என்னும் சிரிய ஓவியரோடும் அவர் இணைந்து செயற்பட்டார். அவையோர் முன்னிலையில் ஓவியர் வரைந்துகொண்டிருக்க, இவர் வாசிப்பார். உலகறிந்த செல்லோக் கலைஞர் யோ-யோ மாவுடன் வாசிப்பதற்கென அவர் எழுதிய ஆக்கம் ஒன்றுண்டு: 'வேலி, கூரை, தொலைதூரக் கடல்'. ஊரைப் பற்றிய நினைவுகளே அதன் பொருள். செல்லோ ஒன்று சொல்ல, கிளாரினெட் சற்றுத் தயங்கி மறுமொழி கூறுகிறது. என் ஐயம் அகன்றது அவ்விடத்தில்தான். 2004 டிசம்பர் 26க்குப் பின் வேலியும் கூரையும் கடலும் பொத்துவிலாருக்கு வெறும் பெயர்ச்சொற்கள் அல்லவே!

2017 ஜனவரியில் சிரியா உட்பட ஏழு நாட்டவர்க்கு அமெரிக்கா தடை விதித்தபோது அவர் பெய்ரூத்தில் இருந்தார். நியூயோர்க் வீட்டுக்குத் திரும்ப முடியுமா என்பதே கேள்வியாயிற்று. நீதிமன்றம் தடையை நிறுத்திய பின்னரே வீடு சேர்ந்தார்.

2022இல் ஜேர்மனியின் ஓஸ்னாப்ரூக் அரங்கில் அவரது இசைநாடகம் முழுவதும் அரபிலேயே பாடப்பட்டது; சொற்கள் சிரியக் கவிஞருடையவை. பாவாமாரின் வழிக்கு அவரும் வந்துவிட்டார் போலும். ஆயினும், மாணவர்க்குப் பரிந்துரைப்பதானால், செல்லோவோடு உரையாடும் அந்தச் சிறு ஆக்கத்தையே முதலில் கேட்கச் சொல்வேன்.