மனோதத்துவப் படிப்பில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

பி.யூ.சி. தேர்வு முடிவு வந்துவிட்டால் பெங்களூரில் நம்மவர் வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளையை அடுத்து எதில் சேர்ப்பது? பையன் என்றால் இன்ஜினீயரிங், பெண் என்றால் பி.காம். என்று முடிவு கட்டி வைத்திருக்கும் தகப்பனார், "அப்பா, நான் சைக்காலஜி படிக்கிறேன்" என்று மகள் சொன்னதும் திகைத்துப் போகிறார்.

"பைத்தியங்களோடு மாரடிக்கவா படிக்கப் போகிறாய்?" என்று கோபப்படுபவர் உண்டு. "எதிரே நிற்பவர் நினைப்பதை அப்படியே சொல்லிவிடலாமாமே!" என்று வியப்பவரும் உண்டு. இரண்டும் தவறு. இந்தப் படிப்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்துகொள்வது பணம் கட்டும் பெற்றோருக்கும் நல்லது. மூன்று வருஷத்தைச் செலவிடப் போகும் பிள்ளைக்கும் நல்லது.

மைசூரில் வேர் விட்ட பாடம்

1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்ற பேராசிரியர் மனத்தின் செயல்களை ஆராய ஒரு சோதனைச் சாலை அமைத்தார். மனோதத்துவம் தனி விஞ்ஞானமானது அப்போதுதான் என்பார்கள். இந்தியாவில் 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் இதற்குத் தனித் துறை தொடங்கியது. 1924-இல் மைசூர் பல்கலைக்கழகமும் தொடங்கியது. மைசூர்த் துறையை அமைத்தவர் எம்.வி.கோபாலசுவாமி. லண்டனில் ஸ்பியர்மன் என்ற புகழ்பெற்ற பேராசிரியரிடம் பயின்றவர். 1935-இல் மைசூரில் தம் வீட்டிலேயே வானொலி நிலையம் நடத்தி அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயரிட்டவரும் இவரே. ஆகவே இந்தப் பாடம் நேற்றைய நாகரிகம் அல்ல. நாம் பிழைக்க வந்த இந்த மாநிலத்திலேயே நூறாண்டு கண்டது.

கண்ணும் ஏமாறும்

கல்லூரிக்குக் கல்லூரி வரிசை மாறினாலும் அடிப்படைப் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கவனம், புலனுணர்வு, நினைவு, கற்றல், உணர்ச்சி, நுண்ணறிவு, ஆளுமை ஆகியவை முதலில். பிறகு குழந்தை வளர்ச்சி, மனிதர்கள் கூட்டமாகச் சேரும்போது நடந்துகொள்ளும் விதம், தொழிற்சாலையில் மனோதத்துவம், மன நோய்களின் வகைகள். இவற்றோடு பலரும் எதிர்பாராத ஒன்று, புள்ளியியல். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு என்று கணக்குப் போட்டே ஆக வேண்டும். கணக்குக்குப் பயந்து இங்கே வருபவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

செய்முறை வகுப்பும் உண்டு. ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புக்குறி உள்நோக்கி மடிந்திருக்கும். மற்றதில் வெளிநோக்கி விரிந்திருக்கும். விரிந்த கோடு நீளமாகத் தோன்றும். முல்லர்-லையர் என்பவர் 1889-இல் வெளியிட்ட கண்மயக்கு இது. மாணவர் தம் தோழரை உட்கார வைத்து, இரண்டு கோடுகளையும் சமமாக்கச் சொல்லி, ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லிமீட்டர் பிசகுகிறது என்று குறித்து, சராசரி எடுத்து ரிக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்து பார்த்த பிறகும் கண் ஏமாறத்தான் செய்கிறது. 'என் கண்ணால் பார்த்தேன்' என்பது மட்டும் போதாது என்ற முதல் பாடம் இதுவே.

சத்தியம் செய்யும் நினைவு

டிக்கெட் கவுண்டரில் தினமும் நடக்கும் சண்டை ஒன்று உண்டு. "ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன்" என்பார் பயணி. "இருநூறுதான் கொடுத்தீர்கள்" என்பார் குமாஸ்தா. இருவரும் சத்தியம் செய்வார்கள். ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் வரிசையில் நிற்பவர்கள் நினைப்பார்கள். இருவருமே பொய் சொல்லாமலும் இருக்கலாம் என்கிறது மனோதத்துவம்.

1974-இல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி இது. 150 மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படம் காட்டினார்கள். 50 பேரிடம் "கார்கள் மோதி நொறுங்கியபோது வேகம் என்ன?" என்றும், வேறு 50 பேரிடம் "கார்கள் இடித்தபோது வேகம் என்ன?" என்றும் கேட்டார்கள். மீதிப் பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று எல்லோரையும் கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஆனால் 'நொறுங்கிய' என்று கேட்கப்பட்டவர்களில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'இடித்த' என்று கேட்கப்பட்டவர்களில் 7 பேரே அப்படிச் சொன்னார்கள். கேள்வியில் ஒரு வார்த்தை மாறியதும் நினைவே மாறிவிட்டது! போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் சாட்சியை எப்படி விசாரிக்க வேண்டும் என்பதற்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரயில் ஓட்டவும் சோதனை

ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. நினைவு, கவனம், தூரத்தைக் கணிக்கும் திறன், பார்த்ததைச் சட்டென்று பிடிக்கும் வேகம் முதலியவற்றை அளக்கும் சோதனைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் குறைந்தது 42 'டி' மதிப்பெண் வேண்டும். இதில் யாருக்கும் சலுகை இல்லை. சராசரியை 50 என்றும் திட்ட விலக்கத்தை 10 என்றும் வைத்துப் போடும் கணக்கு அது. பி.ஏ. மாணவி புள்ளியியல் வகுப்பில் போடுவதும் இதே கணக்குதான்.

நம் குடும்பங்களுக்கு நெருக்கமான இன்னொரு சோதனையும் உண்டு. 1905-இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே என்பவர் பள்ளிப் பிள்ளைகளுக்காக நுண்ணறிவுச் சோதனை ஒன்றை அமைத்தார். எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிப்பதே நோக்கம். மந்தம் என்று முத்திரை குத்துவது அல்ல. அதைக் கன்னடமும் மராத்தியும் பேசும் பிள்ளைகளுக்காக வி.வி.காமத் என்பவர் மாற்றி அமைத்தார். ஏன் மாற்ற வேண்டும்? தெரியாத மொழியில் கேட்டால் புத்திசாலிப் பிள்ளையும் விழிக்கும். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று திண்டாடும் பிள்ளையை "இதற்குப் படிப்பு ஏறாது" என்று ஒதுக்குமுன் நாமும் இதை நினைக்க வேண்டும். குறை மூளையிலா, மொழியிலா என்று பிரித்துப் பார்க்கக் கற்றுத் தருவது இந்தப் படிப்பு.

இதில் இல்லாதது

வைத்தியம் செய்யும் உரிமை இந்தப் பட்டத்தில் இல்லை. பெற்றோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதைத்தான். மருந்து எழுதும் மனநல டாக்டர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் படித்தவர். மருந்தில்லாமல் சிகிச்சை தரும் மருத்துவ உளவியலாளர் ஆவதற்கு, பல ஆண்டுகளாக பி.ஏ.வுக்குப் பின் எம்.ஏ., அதற்குப் பின் நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இரண்டாண்டு எம்.ஃபில்., பிறகு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு என்பதே வழியாக இருந்தது. ஆக, ஏழு வருஷப் பாதை. எம்.ஃபில். பட்டம் 2022-இல் பொதுவாகக் கைவிடப்பட்டாலும், இந்தத் துறைக்கு 2025-26 வரை சேர்க்கைக்கு அனுமதி தரப்பட்டது. விதிகள் மாறிவருவதால், கவுன்சிலின் புதிய அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தபால் வழியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டிருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்து யாரும் பணம் கட்டிவிட வேண்டாம்.

பி.ஏ.வோடு நிறுத்தினால் வீணா? வீண் இல்லை. பட்டதாரி கேட்கும் எந்தப் பரீட்சையும் எழுதலாம். ஐ.ஏ.எஸ். தேர்வின் விருப்பப் பாடங்களில் உளவியலும் ஒன்று. சமூகப் பணி, ஆசிரியப் பயிற்சி, கம்பெனிகளின் ஆள் சேர்ப்புப் பிரிவு என்று வழிகள் உண்டு. ஆனால் 'டாக்டர்' என்ற கனவோடு சேர்ப்பவர்கள், மூன்றாம் வருஷத்தோடு கதை முடியாது என்று கணக்குப் போட்டுச் சேர்க்க வேண்டும்.

சேர்க்குமுன் கல்லூரியில் மூன்று கேள்விகள் கேளுங்கள். செய்முறைக்குச் சோதனைச் சாலை இருக்கிறதா? எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம்? இங்கே படித்தவர்கள் மேல்படிப்புக்கு எங்கே போனார்கள்? பதில் திருப்தியாக இருந்து, பிள்ளைக்கும் ஆசை இருந்தால் தைரியமாகச் சேர்க்கலாம். அடுத்தவர் மனத்தைப் படிக்கும் வித்தை கைவராது. ஆனால் ஒரு மனிதரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் அளந்து பார்க்கும் பழக்கம் வரும். கல்யாணப் பேச்சிலிருந்து கடன் கொடுப்பது வரை, எந்த வீட்டுக்கும் அது உபயோகமான பழக்கம்தானே!