கழுத்துப் புண்ணா? முதலில் நுகத்தடியைப் பாருங்க!

ஏர் மாடு வாங்கும்போது பல்லைப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், கொம்பு பார்க்கிறோம். கழுத்தைத் தடவிப் பார்க்கிறவங்க கொஞ்சம் பேர்தான். திமிலுக்கு முன்னால், நுகத்தடி உட்காரும் இடத்தில் தோல் ஒரே சீராகக் காய்த்திருந்தால் கவலை இல்லை. உழைத்த மாட்டுக்கு அது இருக்கும். தனியாக உருண்டைக் கட்டி இருந்து, அழுத்தும்போது மாடு கழுத்தை இழுத்துக்கொண்டால், அந்த மாடு கழுத்துப் புண்ணில் ஏற்கெனவே அவதிப்பட்டது என்று அர்த்தம். புதிதாக மாட்டு உழவுக்குத் திரும்பும் இயற்கை விவசாயிகள் பலர் முதல் பருவத்திலேயே மாட்டை விற்க நேர்வது இந்தப் புண்ணால்தான். 'கழுத்து கெட்ட மாடு' அடிமாட்டு விலைக்குத்தான் போகும்.

400 கிலோ எடையுள்ள காளை, வேலை நேரம் முழுக்க ஏறத்தாழ 40 கிலோ விசையோடு இழுக்கும். அத்தனையும் கழுத்தில் உள்ளங்கை அளவு இடத்தில்தான் விழுகிறது. நுகத்தடி உருட்டுக் கம்பு மாதிரி இருந்தால் அந்த உள்ளங்கை அளவுகூடக் கிடைக்காது, ஒரு கோடாக அழுத்தும். அதனால் கழுத்தில் உட்காரும் பகுதியை அகலமாக, வழவழப்பாக இழைத்து, ஓரத்தை மழுக்கி, விளக்கெண்ணெய் தடவி வைக்க வேண்டும். விரலால் தடவினால் சிராய் தட்டக் கூடாது. சாக்கைச் சுற்றிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. மழையில் நனைந்து சுருண்ட சாக்கு, வெறும் மரத்தைவிட மோசம். சுற்றத்தான் வேண்டுமென்றால் மடிப்பு விழாமல் இழுத்துத் தைத்த தோல் நல்லது.

ஜோடியில் ஒன்று உயரம், ஒன்று குட்டை என்றால் நுகத்தடி சாய்ந்து ஒரு மாட்டின் கழுத்தையே அறுக்கும். வண்டியில் பாரம் ஏற்றிய பிறகு, மாடு பூட்டும் முன் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பாருங்கள். சுலபமாக எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால் முன்பாரம், கழுத்து நசுங்கும். தானாக மேலே போனால் பின்பாரம், பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். ஆறு மாதம் கட்டுத்தறியில் நின்ற மாட்டை, மழை பெய்ததும் முதல் நாளே விடிய விடிய உழவில் விடுவதும் புண்ணுக்கு வழி. ஒரு வாரம் முன்பிருந்தே அரை மணி, ஒரு மணி என்று பழக்க வேண்டும். அவிழ்த்ததும் கழுத்தில் உள்ள வேர்வையும் மண்ணும் போகக் கழுவி, புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால், முடி ஒரு இடத்தில் மட்டும் தேய்ந்திருந்தால், புண் வருவதற்கு முந்தின சேதி அது.

அப்போதே வேலையை நிறுத்திவிட்டால் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். ஈரம் காய்வதற்குள் உழ வேண்டுமே என்கிற நெருக்கடி புரிகிறது. பக்கத்துத் தோட்டத்து மாட்டை மாற்றுக்குக் கேட்டு வாங்குங்கள். இப்போது நாலு நாள் விடாவிட்டால் பின்னால் மாதக்கணக்கில் விட வேண்டிவரும். புண் உள்ள மாட்டைப் பூட்டுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

தோல் உரியாமல் வெறும் வீக்கமாக இருந்தால், முதல் இரண்டு நாள் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை அடிக்கடி போடலாம். தோல் உரிந்து புண்ணானால், தஞ்சாவூரில் கால்நடை மரபு மூலிகை மருத்துவத்தைப் பரப்பிய மருத்துவர் புண்ணியமூர்த்தி சொல்லித்தந்த எண்ணெய் நம் கைக்கெட்டியது. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம். எல்லாவற்றையும் அரைத்து, அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெயில் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். புண்ணைக் கழுவித் துடைத்த பிறகு தடவுங்கள். காக்கா கொத்துகிற ஊரில் இந்த எண்ணெயில் நனைத்த துணியை மேலே கட்டிவிட வேண்டும். கொத்து வாங்கிய புண் ஆறவே ஆறாது. புழு வைத்துவிட்டால் முதல் நாள் மட்டும் சீத்தா இலையை அரைத்து வைக்கலாம், அல்லது தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்து விடலாம். புழு உதிர்ந்த பிறகு மேலே சொன்ன எண்ணெய்.

கருப்பு ஆயில் பூசுவது, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுவது இரண்டையும் விட்டுவிடுங்க. சீழ் கோத்து மெத்தென்று இருந்தாலோ, புண் ஆழமாகப் போனாலோ, மாடு தீனி எடுக்காவிட்டாலோ வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கட்டியைக் கீறிவிடுவது அவர் வேலை, நம் வேலை இல்லை.

பொருக்கு உதிர்ந்து, புதுத்தோல் கெட்டிப்பட்டு, மேலே முடி எட்டிப் பார்க்கும்வரை நுகத்தடி வேண்டாம். அதற்குள் ஆசாரியிடம் கொடுத்து நுகத்தடியைச் சரிசெய்துவிடுங்கள். பழைய நுகத்தடியிலேயே பூட்டினால் அதே இடத்தில் மறுபடி புண் வரும். மறுபடி பூட்டும் முதல் நாள் வெறும் நுகத்தடியோடு களத்தில் பத்து நிமிடம் நடக்கட்டும். அடுத்த இரண்டு நாள் காலி வண்டி. ஒவ்வொரு தடவையும் அவிழ்த்ததும் புறங்கையால் கழுத்துச் சூட்டைப் பார்த்துவிட்டு, அப்புறம் ஏரில் பூட்டுங்கள்.