கொரியன் பேச ஆசையா? முதலில் ‘யோ’வைப் பிடிங்க!

கே-டிராமா பார்த்து ‘அன்யோங்’ சொல்லப் பழகியவர்கள் இங்கே ஏராளம். ஆனால், கொரியாவில் முன்பின் தெரியாத பெரியவரிடம் அப்படிச் சொன்னால் முகம் சுளிப்பார். அது நெருங்கியவர்களுக்குள் பேசுவது. மற்றவர்களிடம் ‘அன்யோங்ஹசேயோ’தான். நம் ‘வா’, ‘வாங்க’ மாதிரி! நண்பனுக்கு நன்றி ‘கொமாவோ’ என்றால், மரியாதைக்கு ‘கொமாவோயோ’. நம் ‘ங்க’ செய்யும் வேலையை அங்கே ‘யோ’ செய்கிறது.

தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி, வாக்கிய வரிசை. ‘ஜொனுன் பாபுல் மொகொயோ’ என்றால் ‘நான் சோறு சாப்பிடுகிறேன்’. நம்மைப் போலவே வினைச்சொல் கடைசியில் வரும். குழந்தைகள் அப்பாவை ‘அப்பா’ என்றே அழைக்கிறார்கள், அம்மா, ‘ஒம்மா’.

தடுமாற வைப்பது எண்கள். இரண்டு வகை உண்டு. மூன்று மணிக்கு ‘சே’, மூன்று நிமிடத்துக்கு ‘சாம்’. வயதைச் சொல்ல முதல் வகை, பணத்துக்கு இரண்டாவது. கடையில் விலை கேட்க ‘ஒல்மாயேயோ?’ போதும், பதில் புரிய எண்கள் தெரிய வேண்டும்.

எழுத்தைக் கண்டு பயம் வேண்டாம். மன்னர் செஜோங் 1446-ல் மக்களுக்காக வெளியிட்ட ஹங்குலில் இன்று அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. அதை முதலில் படித்துவிட்டால், ஆங்கில எழுத்தில் படித்து உச்சரிப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.