பதின்பருவத் தொடரின் பாடல்கள்: பெயரும் ஊதியமும் யாருக்கு?

2003 முதல் 2007 வரை அமெரிக்காவின் பாக்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘தி ஓ.சி.’ என்னும் பதின்பருவத் தொடருக்குப் பாடல்களைத் தேர்ந்தெடுத்தவர் அலெக்சாண்ட்ரா பட்சாவாஸ். அதிகம் அறியப்படாத சுயாதீன இசைக்குழுக்களுக்கு அவர் இடமளித்தார். தொடரின் பாடல்கள் 6 தொகுப்புகளாக வெளிவந்தன. டெத் கேப் ஃபார் க்யூட்டி போன்ற குழுக்கள் இளையோரிடம் பரவலாக அறிமுகமாயின.

இத்தேர்வு இரசனையோடு முடிவதில்லை. ஒரு பாடலைக் காட்சியில் சேர்க்க இரண்டு அனுமதிகள் தேவை. பாடலை இயற்றி இசையமைத்தோரின் உரிமை ஒன்று. ஒலிப்பதிவின் உரிமை மற்றொன்று. இரண்டுக்கும் தனித்தனியே தொகை தரப்படுகிறது.

இந்தியாவில் இவ்விடத்தில்தான் சாதி குறுக்கிடுகிறது. சேரியில் பிறந்த பாடலுக்கு ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று மட்டும் குறிப்பிட்டுவிட்டால், இயற்றியவர் மறைந்துபோகிறார். பதிவு செய்தவரே பலனை அடைகிறார். 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையை அளிக்கிறது. ஏட்டில் பெயரே இல்லாதவருக்கு அப்பங்கு எவ்வாறு கிட்டும்?

ஆகவே, இளையோர் தொடர்களில் பறையும் கானாவும் ஒலிக்கும்போது, அவற்றை இயற்றியவரின் பெயர் எழுதப்பட்டுள்ளதா என்பதையே நாம் முதலில் கேட்க வேண்டும்.