உச்சமுனைக்கு மேலால் போன பாட்டு வரிசை

தேசப்படத்தை விரித்து, கொழும்புக்கு வடக்கேயுள்ள ஏக்கலையிலிருந்து டெல்லி வரை ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கற்பிட்டிக்கு அப்பால், ஒரு பக்கம் புத்தளம் களப்பும் மறுபக்கம் பெருங்கடலுமாக மணல் நாக்குப்போல நீண்டு கிடக்கும் உச்சமுனையை ஒட்டியே அந்தக் கோடு போகும். 1952 டிசம்பர் 3, புதன்கிழமை இரவு, இந்தக் கோட்டின் வழியே ஒரு புதிய நிகழ்ச்சி வானேறியது. இலங்கை வானொலியின் இந்திச் சேவையில் தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ அது. தெற்காசியாவின் மிகப் புகழ்பெற்ற பாட்டு வரிசை, உச்சமுனை மீனவர்களின் தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் பறந்து போயிருக்கிறது.

பறந்து என்று சும்மா சொல்லவில்லை. நிகழ்ச்சியைச் சுமந்து சென்ற சிற்றலை, நிலத்தோடு ஊர்ந்து போனால் சிறிது தூரத்திலேயே களைத்துவிடும். மேல்நோக்கி அனுப்பினால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டு, வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும். இடையில் உள்ளவர்களுக்கு ஒலி மங்கும். தொலைவில் உள்ளவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத் திட்டத்தில் படையினருக்காக ஏக்கலையில் நிறுவிய 100 கிலோவாட் ஒலிபரப்பி இலங்கையின் கைக்கு வந்திருந்தது. அதே 1952 இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமில்லாமல் செய்தார். பாட்டுக்கு ஏங்கிய கோடிக்கணக்கான காதுகள் கொழும்பை நோக்கித் திரும்பின.

நிகழ்ச்சியை நடத்திய அமீன் சயானிக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. பம்பாயில் ஒலிப்பதிவு செய்த நாடா விமானத்தில் கொழும்புக்கு வரும். தொடக்கத்தில் அது ஒரு போட்டி. ஏழு பாடல்களை வரிசையில்லாமல் ஒலிபரப்புவார்கள். நேயர்கள் அவற்றை வரிசைப்படுத்தி எழுதியனுப்ப வேண்டும். பரிசு 100 ரூபாய். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன. ஓராண்டுக்குள் வாரம் 65,000 ஆயிற்று. ஒரு கடிதத்துக்குப் பத்து விநாடி என்று வைத்தாலும் 65,000 கடிதத்துக்கு 180 மணி நேரம் வேண்டும். வாரத்துக்கு இருப்பதோ 168 மணிதான்.

அந்தக் கடித மலைதான் போட்டியைத் தரவரிசை நிகழ்ச்சியாக மாற்றியது. முதலிடம், இரண்டாமிடம் என்று சொல்லாமல் ‘பாய்தான்’, அதாவது படிக்கட்டு என்றார் சயானி. பாடல்கள் படியேறின, படியிறங்கின. ஆனால் எந்தப் பாட்டு எந்தப் படியில் நிற்கிறது என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது? இந்தியாவின் முக்கிய இசைத்தட்டுக் கடைகளில் வாராந்த விற்பனையைக் கேட்டு எழுதினார்கள். விற்பனைக் கணக்கில் ஓட்டைகள் உண்டு. நல்ல பாட்டின் இசைத்தட்டு தீர்ந்துபோனால், அந்த வாரம் விற்பனை பூச்சியம். பாட்டின் மீதான ஆசை குறையவில்லை, தட்டுத்தான் இல்லை. கடைக்காரரைச் சரிக்கட்டவும் இடமிருந்தது. அதனால் ஊர் ஊராக இருந்த நேயர் மன்றங்களின் விருப்பப் பட்டியல்களையும் சேர்த்துப் புள்ளி போட்டார்கள். கடையில் காசு பேசியது. மன்றத்தில் காசில்லாதவனும் பேசினான். இரண்டையும் ஒரே தராசில் வைத்தது, என் கணிப்பில், அந்தக் காலத்தின் மிக நேர்மையான முயற்சி.

வியப்பு என்னவென்றால், கீத்மாலாவுக்குப் பத்தொன்பதே நாட்களுக்கு முன், 1952 நவம்பர் 14 அன்று, லண்டனில் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ இதழ் பிரிட்டனின் முதல் இசைத்தட்டு விற்பனை வரிசையை அச்சிட்டிருந்தது. அதன் முறை இன்னும் எளிது. இதழைச் சேர்ந்த பெர்சி டிக்கின்ஸ் சுமார் இருபது கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எது அதிகம் போனது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒரு நாட்டின் ரசனைக்கு இருபது கடைகள் சாட்சி.

எண்ணிக்கை கூடினால் உண்மை கூடும் என்று நம்பிவிடக் கூடாது. 1936 இல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு அட்டைகளைத் திரட்டி, ஜனாதிபதித் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் பெருவெற்றி பெற்றார். அட்டையைத் திருப்பி அனுப்பியவர்கள் ஊரின் ஒரு பகுதியினர்தான். பாட்டுக்கும் இதே கதி. தபாலட்டை போடுகிறவர் வேறு, கரைவலை இழுத்தபடி காதால் மட்டும் கேட்கிறவர் வேறு. அந்த இரண்டாமவரின் வாக்கு எந்தக் கட்டிலும் சேரவில்லை.

அமெரிக்காவில் வானொலி நிலையங்கள் ஏராளம். அதனால் அங்கே, எந்தப் பாட்டு எத்தனை முறை ஒலித்தது என்பதே தனி அளவுகோலாயிற்று. 1958 ஆகஸ்ட் 4 அன்று ‘பில்போர்ட்’ இதழ் தொடங்கிய ‘ஹாட் 100’ வரிசையில் விற்பனையும் ஒலிபரப்பும் சேர்ந்திருந்தன. ஒலிபரப்பை யார் எண்ணினார்கள்? நிலையத்தாரே. வாராவாரம் அவர்கள் சொன்ன பட்டியலை இதழ் நம்பியது. பட்டியலில் ஏறிய பாட்டு நள்ளிரவில் ஒருமுறை மட்டும் ஒலித்திருக்கலாம். பாட்டைப் போடக் கையூட்டு வாங்கிய அறிவிப்பாளர்களைப் பற்றி 1959, 1960 இல் அமெரிக்க நாடாளுமன்றமே விசாரித்தது. இதிலே ஒரு சுழலும் உண்டு. வரிசையில் இருப்பதால் பாட்டு ஒலிக்கிறது, ஒலிப்பதால் விற்கிறது, விற்பதால் வரிசையில் நிலைக்கிறது. அளக்கும் கோலே அளக்கப்படும் பொருளை வளர்த்துவிடுகிறது.

மனிதரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாத நிலை 1990 அளவில்தான் வந்தது. நிலையங்களின் ஒலிபரப்பைக் கணினிகள் ஓயாமல் கேட்டு, தம்மிடமுள்ள பாடல்களின் ஒலி அடையாளங்களோடு ஒப்பிட்டன. 1991 நவம்பர் 30 முதல் ‘ஹாட் 100’ இந்தக் கணக்குக்கு மாறியது. பின்னால் வந்த பாடலறியும் முறை ஒன்றை உச்சமுனைக் கடலோடிக்கு எளிதில் விளக்கலாம். பாட்டின் ஒவ்வொரு கணத்திலும் ஓங்கி ஒலிக்கும் சுருதிகளை மட்டும் ஒரு தாளில் புள்ளிகளாக வைத்தால், இரவு வானம்போல ஒரு படம் கிடைக்கும். மேகம் பாதி வானத்தை மூடினாலும், தெரிகிற நாலைந்து வெள்ளிகளின் இடைவெளியைப் பார்த்தே ஆறாமீன் கூட்டத்தை அடையாளம் காண்கிறோமே, அதே வேலையைத்தான் கணினி செய்கிறது. இரைச்சலில் பாதிப் புள்ளிகள் அழிந்தாலும் மீதிப் புள்ளிகளின் இடைவெளி பாட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தக் கணினி, ஒலித்ததைப் பிழையில்லாமல் எண்ணும். கேட்டவரின் மனத்தை எண்ணாது. அந்த மனத்துக்குச் சாட்சி அந்த 65,000 கடிதங்கள் போன்றவைதான்.

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்கும் கடலின் இரு கரையிலிருந்தும் நேயர் விருப்பக் கடிதங்கள் குவிந்தன. அதற்குக் கடலும் உதவியது. உப்புக் கடல் நீர் வறண்ட மணலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக மின்சாரத்தைக் கடத்தும். மத்திய அலை அதன் மேல் வழுக்கிக்கொண்டு வெகுதூரம் போகும். உச்சமுனையிலிருந்து தூத்துக்குடி 200 கிலோமீட்டர்கூட இல்லை. இரு கரைக்கும் பாட்டுப் பொதுவாக இருந்ததில் அந்த உப்புக்கும் பங்குண்டு. கற்பிட்டியிலோ, மன்னாரிலோ, இராமநாதபுரத்திலோ உங்கள் வீட்டுப் பெட்டியடியில் பழைய வானொலி மன்றக் குறிப்பேடு ஒன்று, வாராவாரம் பாட்டு எழுதி வைத்த பள்ளிக் கொப்பி ஒன்று, அனுப்பாமல் விட்ட தபாலட்டை ஒன்று கிடந்தால், கறையான் தின்னக் கொடுத்துவிடாதீர்கள். தேதி தெரியும்படி படம் எடுத்து, ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் போன்ற ஆவணக் காப்பகம் ஒன்றில் சேர்த்துவிடுங்கள்.